ஆயுள், இலவசம், மாதம்: இந்தியச் செல்பேசி விளம்பரங்களின் சொற்கள் குறித்து

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சேவை வழங்கியது மோடி டெல்ஸ்ட்ரா நிறுவனம். இந்தத் தகவல் போட்டித் தேர்வு நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அந்தக் காலத்தில் ஒரு நிமிடம் பேச என்ன செலவானது என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை. வழக்கமான கட்டணம் நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு. நெரிசல் நேரத்தில் அது 16 ரூபாய் 80 காசு வரை உயர்ந்தது. அழைப்பவருக்கு மட்டுமல்லாமல் அழைப்பைப் பெறுபவருக்கும் கட்டணம் உண்டு. செல்பேசி வைத்திருக்கும் இருவர் நெரிசல் நேரத்தில் பத்து நிமிடம் பேசினால் இரு பக்கமும் சேர்த்து 336 ரூபாய் ஆகும்.

அங்கிருந்து நொடிக்கு ஒரு காசு என்ற நிலைக்கு நாடு பதினான்கு ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. அதைப் பெரும் சாதனையாக எழுதிய கட்டுரைகள் ஏராளம். போட்டி வந்தது, விலை குறைந்தது, விளம்பரங்கள் மக்களைக் கவர்ந்தன என்பதே அவற்றின் சுருக்கம். இதில் பொய் இல்லை. ஆனால் அந்த விளம்பரங்களில் பயன்பட்ட சொற்களை எடுத்து வைத்துப் பொருள் பார்த்தவர்கள் குறைவு. ‘இலவசம்’, ‘ஆயுள் முழுவதும்’, ‘ஃபுல் டாக்டைம்’, ‘மாதம்’ ஆகிய எளிய சொற்கள் செல்பேசிக் கடையில் அகராதிப் பொருளை இழந்து வேறு பொருள் பெற்றன. இந்தச் சொற்களுக்கும் அவற்றின் பின்னிருந்த தொழில்நுட்பத்துக்கும் கட்டணக் கணக்குக்கும் இருந்த இடைவெளியை இக்கட்டுரை பார்க்கிறது. கருவியைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. கருவி பெரும்பாலும் நேர்மையாகவே இருந்தது.

எங்கு சென்றாலும்

தொடக்கத்தில் நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டத்துக்கு இரண்டு நிறுவனங்களுக்கு உரிமம் தரப்பட்டது. சென்னை தனி வட்டம். ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்ற இரண்டும் இங்கே முதலில் வந்தவை. தமிழ்நாட்டின் மற்றப் பகுதி வேறு வட்டம். சென்னை வட்டத்தைத் தாண்டிவிட்டால் சொந்த மாநிலத்திலேயே ரோமிங் வாடிக்கையாளர் ஆகிவிடுவோம். 2005 இல்தான் சென்னை வட்டம் தமிழ்நாடு வட்டத்துடன் இணைக்கப்பட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2003 இல் வந்த ஹட்ச் நாய்க்குட்டி விளம்பரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சிறுவன் எங்கே போனாலும் ஒரு பக் இன நாய் பின்னாலேயே போகும். நீங்கள் எங்கு சென்றாலும் எங்கள் நெட்வொர்க் பின்தொடரும் என்பது அதன் செய்தி. ஓகில்வி நிறுவனம் உருவாக்கிய அந்த விளம்பரம் அழகானது என்பதை மறுக்க முடியாது. அலைக்கோபுரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று அழைப்பைக் கைமாற்றும் செல்லுலார் முறையை அதைவிட எளிதாக ஒரு குழந்தைக்கு விளக்க முடியாது. அறிவியல் ஆசிரியர் பொறாமைப்படத் தக்க விளக்கம். ஆனால் விளம்பரம் சொன்னது பாதி. உங்கள் பின்னால் வருவது அலைவரிசை மட்டுமா? வட்டத்தின் எல்லையைக் கடந்த உடனே ரோமிங் கட்டணமும் கூடவே வரும். அந்த நாய்க்குட்டி கட்டணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2002 இல், ஏர்டெல் நிறுவனத்துக்கு ஏ. ஆர். ரஹ்மான் ஓர் இசைத் துணுக்கு அமைத்துக் கொடுத்தார். அது ரிங்டோனாகப் பரவிய வேகம் எல்லோரும் அறிந்தது. விளம்பரக் கலையின் நோக்கில் இது புதிய கட்டம். அதுவரை விளம்பரம் செய்தித்தாளிலோ தொலைக்காட்சியிலோ சுவரிலோ இருந்தது. இப்போது வாடிக்கையாளரின் சட்டைப்பையிலிருந்தே விளம்பரம் ஒலித்தது. பேருந்தில் ஒருவருடைய செல்பேசி ஒலித்தால் ஐந்து பேர் தத்தம் பையைத் தொட்டுப் பார்த்த காட்சியை அந்தக் காலத்தில் பயணம் செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுவனத்தின் அடையாளத்தைச் சுமந்து திரிபவர் அதற்குக் கூலி கேட்பதற்குப் பதிலாகக் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

அஞ்சலட்டையும் ஐந்நூற்று ஒரு ரூபாயும்

அஞ்சலட்டையைவிடக் குறைந்த செலவில் இந்தியர் பேச வேண்டும் என்பது திருபாய் அம்பானியின் கனவு என்று சொல்லப்பட்டது. 2002 டிசம்பர் இறுதியில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் தன் சேவையை அறிவித்தபோது நிமிடத்துக்கு 40 காசு என்ற எண் எல்லா இடத்திலும் பேசப்பட்டது. அஞ்சலட்டை அப்போது 50 காசு. ஒப்பீடு கவர்ச்சியானது. ஆனால் அஞ்சலட்டையின் விலை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அதை வாங்கியவர் மாத வாடகை கட்ட வேண்டியதில்லை. மூன்றாண்டு ஒப்பந்தம் போட வேண்டியதில்லை. எழுதாமல் மேசையில் வைத்திருந்தால் அது காலாவதியும் ஆகாது. ஒப்பிடும்போது இரண்டு பொருள்களின் எல்லாச் செலவையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு.

2003 ஜூலையில் வந்த ‘மான்சூன் ஹங்காமா’ திட்டம் இதைவிடப் பெரிய அலையை எழுப்பியது. 501 ரூபாய் கொடுத்தால் கையில் செல்பேசி. அதுவரை கருவி வாங்கவே சில ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. ஆட்டோ ஓட்டுநர்களும் காய்கறி வியாபாரிகளும் கட்டட மேஸ்திரிகளும் முதன்முறையாகச் செல்பேசி வாங்கியதில் இத்திட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். விளம்பரத்தின் பெரிய எழுத்தில் 501 இருந்தது. மீதித் தொகை மாதாமாதம் வரும் பில்லில் இருந்தது. அந்தக் கருவி சிடிஎம்ஏ முறையைச் சேர்ந்தது. கழற்றி வேறு சிம் போடும் வசதி அதில் இல்லை. நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எண்ணோடு கருவியையும் சேர்த்துக் கைவிட வேண்டும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதற்கும் வந்தது 2011 ஜனவரியில்தான்.

பலர் பில் கட்டாமல் விட்டார்கள். வசூலாகாத பாக்கி நிறுவனத்துக்கே தலைவலியானது. ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிட்டார்கள் என்று அன்று சிலர் எழுதினார்கள். 501 ரூபாய்க்குப் போன் என்று கேட்டு வாங்கியவர், மறுமாதம் அதைவிடப் பெரிய பில் வந்தபோது திகைத்திருப்பார் என்று நினைக்கவும் இடமிருக்கிறது. முன்பணத்தை விலை போலக் காட்டியதன் விளைவு அது.

இதே ஆண்டு மே 1 முதல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த, அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை அதற்குக் காரணம். உடனே எல்லா நிறுவனங்களும் ‘இன்கமிங் இலவசம்’ என்று தாங்கள் தரும் பரிசு போல விளம்பரம் செய்தன. உண்மையில் அந்தக் கட்டணம் மறையவில்லை. அழைப்பவர் தலைக்கு இடம் மாறியது. அவருடைய நிறுவனம் பெறுபவரின் நிறுவனத்துக்கு ஒரு பங்கு கொடுத்தது. ‘இலவசம்’ என்ற சொல் இங்கே முதல் முறையாகப் பெரிய அளவில் வளைந்தது.

நோக்கியா 1100

இந்தக் காலகட்டத்தின் விளம்பரங்களில் பொருளும் சொல்லும் ஏறத்தாழ ஒத்துப்போன ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நோக்கியா 1100 ஐச் சொல்வேன். 2003 இல் வந்த அந்தக் கருவி, இந்தியாவுக்காகச் செய்யப்பட்டது என்ற முழக்கத்தோடு விற்கப்பட்டது. பொத்தான்களின் மேல் தூசி புகாத ஒரே ரப்பர் உறை. வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் உச்சியில் எரியும் டார்ச் விளக்கு. கறுப்பு வெள்ளைத் திரை, பல நாள் நிற்கும் மின்கலம். மின்வெட்டும் புழுதியும் வெயிலும் உள்ள நாட்டுக்கு என்ன வேண்டும் என்று யாரோ பொறுமையாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது அக்கருவி. எங்கள் ஊரில் வரப்பில் இரவு நடப்பவர்கள் கையில் பேட்டரி லைட்டுக்குப் பதிலாக அது இருந்தது. பேசுவதற்குக் காசு இல்லாதபோதும் டார்ச் எரியும்.

இங்கும் ஒரு சிறு குறிப்பு தேவை. இந்தியாவுக்காகச் செய்யப்பட்டது வேறு, இந்தியாவில் செய்யப்பட்டது வேறு. வேகமாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வார். நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006 இல். 2014 நவம்பரில் அது மூடப்பட்டு, சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து வேலைக்குப் போன இளம் பெண்கள் உட்படப் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அது தனியே எழுத வேண்டிய வரலாறு.

நிமிடம் என்பது எத்தனை நொடி

நான் பள்ளியில் கணக்கு நடத்தியவன். 2005 வாக்கில் சதவீதப் பாடத்துக்குப் புத்தகத்தில் இருந்த மாம்பழ வியாபாரிக்குப் பதிலாக ரீசார்ஜ் கூப்பனை எடுத்துக்கொண்டேன். பத்து ரூபாய் கூப்பன் போட்டால் ஏழு ரூபாய் சில்லறைதான் பேசக் கிடைக்கும். செயலாக்கக் கட்டணமும் சேவை வரியும் போய்விடும். பெரிய தொகைக்குப் போட்டால் இழப்பு விகிதம் குறையும். ஆகவே பத்துப் பத்தாகப் போடுபவரே அதிகம் இழப்பார். மாணவர்கள் இதை மாம்பழக் கணக்கைவிட வேகமாகப் போட்டார்கள். “அப்போ காசு இல்லாதவங்களுக்குத்தான் சார் ரேட் ஜாஸ்தி” என்று பின் வரிசையில் இருந்து ஒருவன் சொன்னான். பதிலுக்கு நான் சேர்க்க எதுவும் இருக்கவில்லை. பண்டிகை நாட்களில் ‘ஃபுல் டாக்டைம்’ என்று விளம்பரம் வரும். பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய் மதிப்பு தருவது ஒரு சலுகையாக அறிவிக்கப்பட்ட வணிகம் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

இதைவிட நுட்பமானது நிமிடக் கணக்கு. கட்டணம் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றால், 65 நொடி பேசியவருக்கு இரண்டு ரூபாய் கழியும். 5 நொடி பேசி இணைப்பு அறுந்தாலும் ஒரு ரூபாய். இணைப்பகத்தில் இருக்கும் கணினி நொடிக்குக் குறைந்த அளவையும் துல்லியமாகப் பதியக்கூடியது. முழு நிமிடமாக மேலே தள்ளி எழுதியதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. 2009 இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு காசு என்று அறிவித்தபோது இது வெளிப்பட்டது. அதே 65 நொடிக்கு 65 காசு. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சில மாதங்களில் மற்ற நிறுவனங்களும் நொடிக் கணக்குக்கு வந்தன. அதுவரை முடியாது என்று இருந்தது எப்படி ஒரே பருவத்தில் எல்லோருக்கும் முடிந்தது?

அந்த விளம்பரம் என் பார்வையில் இந்தக் காலத்தின் மிகச் சிறந்த விளம்பரம். நாயும் இல்லை, நடிகரும் முக்கியமில்லை. அளவுகோலை மாற்றிக் காட்டியது, அவ்வளவுதான்.

மக்கள் இதற்கு முன்பே தங்கள் வழியில் ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார்கள். அதுதான் மிஸ்டு கால். அழைப்பு எடுக்கப்படாவிட்டால் கட்டணம் இல்லை என்ற விதியை வைத்துக்கொண்டு ஒரு மொழியே உருவாயிற்று. ஒரு முறை அடித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு முறை அடித்தால் திருப்பிக் கூப்பிடு, மூன்று முறை அடித்தால் அவசரம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறியீடு. நிறுவனங்களின் எந்தத் திட்ட அட்டையிலும் இல்லாத சேவை இது. நெட்வொர்க் முழுவதையும் பயன்படுத்திக்கொண்டு ஒரு காசும் கொடுக்காத சேவை. பின்னர் வணிகர்கள் இதையும் எடுத்துக்கொண்டார்கள். 2010 இல் பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனம், மிஸ்டு கால் கொடுத்தால் விளம்பரச் செய்தி திருப்பி அனுப்பும் முறையைத் தொழிலாக்கியது. 2015 இல் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கியது.

தமிழில் எழுதினால்

இனி வருவது அதிகம் பேசப்படாத செய்தி. நம் தளத்தில் எழுதுபவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் இது முக்கியம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குறுஞ்செய்தியின் அளவு 160 எழுத்து என்பது பலர் அறிந்தது. ஜிஎஸ்எம் முறையை வகுத்தபோது ஒரு செய்திக்கு 140 பைட் இடம் ஒதுக்கினார்கள். 140 பைட் என்றால் 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்று அட்டவணை அமைத்ததால் 160 எழுத்து கிடைத்தது. பெரும்பாலான வாழ்த்துகளும் கேள்விகளும் இந்த அளவுக்குள் முடிந்துவிடும் என்று ஜெர்மன் பொறியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தட்டச்சு செய்து பார்த்துக் கணித்தார். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் அனுப்பிய முதல் செய்தி கிறிஸ்துமஸ் வாழ்த்து.

தமிழ் எழுத்து அந்த அட்டவணையில் இல்லை. தமிழில் அனுப்ப வேண்டுமானால் எழுத்துக்கு 16 பிட் எடுக்கும் ஒருங்குறி முறைக்கு மாற வேண்டும். 1,120 ஐ 16 ஆல் வகுத்தால் 70. ஆங்கிலத்தில் 160, தமிழில் 70. ஆனால் தொல்லை அத்தோடு முடிவதில்லை. கணினி எண்ணும் இடமும் நாம் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்பதில் நம் கணக்கில் 12 எழுத்துகள். கணினியின் கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனி இடம் பிடிக்கும். இடைவெளியையும் சேர்த்தால் 22 இடங்கள். இதே விகிதத்தில் 70 இடத்தில் 40 தமிழ் எழுத்துகூடத் தேறாது. திருக்குறளின் முதல் குறளை எண்ணிப் பார்த்தேன். 45 இடம். குறள் அடங்கிவிடுகிறது. அதற்கு ஒரு வரி பொருள் எழுதினால் இரண்டாவது செய்தி தொடங்கிவிடும். நீண்ட செய்தியாகத் தொடுக்கும்போது இணைப்புக் குறிப்புக்கு இடம் போய், ஒவ்வொரு பகுதிக்கும் 67 இடம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டணம்.

ஆக, தாய்மொழியில் வாழ்த்து அனுப்பியவர் ஆங்கிலத்தில் அனுப்பியவரைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவிட்டார். அத்தனை செலவிட்டு அனுப்பினாலும் பெறுபவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். ‘உங்கள் மொழியில்’ என்று சொல்லி விற்ற தொழிலில் இந்த வேறுபாட்டை எந்த விளம்பரமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மக்கள் மறுபடியும் தங்கள் வழியைக் கண்டார்கள். தமிழை ரோமன் எழுத்தில் தட்டினார்கள். இளைஞர்கள் தமிழைக் கெடுக்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் அங்கலாய்த்த அந்தப் பழக்கத்துக்குச் சோம்பலைவிடக் கட்டணமே வலுவான காரணம். பின்னாளில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குத் தரநிலையில் 7 பிட் அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. அவை கைபேசிகளில் பரவுவதற்குள் இணையவழிச் செய்திகள் வந்துவிட்டன. எல்லாக் கைபேசிகளும் இந்திய மொழிகள் அனைத்திலும் செய்தியைப் படித்துக்காட்ட வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது 2016 இல். முதல் அழைப்புக்கு 21 ஆண்டுகளுக்குப் பிறகு.

பண்டிகை நாள் கதையையும் இதோடு சேர்க்க வேண்டும். மாதம் முழுவதற்கும் குறுஞ்செய்திப் பேக் போட்டவருக்கும் தீபாவளி, பொங்கல், புத்தாண்டு அன்று சலுகை செல்லாது; முழுக் கட்டணம். ‘பிளாக்அவுட் டே’ என்பது அதன் பெயர். வாழ்த்து அனுப்பவே பேக் போட்டவர்கள் வாழ்த்து அனுப்பும் நாளில் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். டிராய் தலையிட்டு, ஆண்டுக்கு ஐந்து நாட்களுக்கு மேல் கூடாது, முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று வரையறுத்தது. ஒழித்துவிடவில்லை.

கேட்காமல் வந்தவை

எங்கள் பள்ளியில் துப்புரவுப் பணி செய்த அம்மா ஒருவர் அடிக்கடி என்னிடம் போனைக் கொண்டுவருவார். “முப்பது ரூவா போட்டேன் சார், காலையில பாத்தா ஒண்ணுமில்ல.” அவருக்குப் படிக்கத் தெரியாது. பார்த்தால் ஏதோ ஒரு ஜோதிடச் சேவையும் ஓர் அழைப்புப் பாட்டும் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் தானாக வந்து நிற்கும் அறிவிப்பை அகற்றுவதற்காக அவர் நடுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இது ஒருவர் கதையாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. யாரையாவது அழைக்கும்போது கேட்கும் பாட்டு பிடித்திருந்தால் நட்சத்திரப் பொத்தானை அழுத்துங்கள் என்ற குரல் எல்லோர் காதிலும் விழுந்தது. அழுத்தினால் மாதம் 30 ரூபாய் என்பது அக்கால வழக்கம்.

டிராய் 2011 ஜூலையிலும் பிறகு 2013 ஜூலையிலும் பிறப்பித்த உத்தரவுகளைப் படித்தால் விளம்பர உலகின் மறுபக்கம் தெரியும். சேவையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை உறுதி பெற வேண்டும், கட்டணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், 155223 என்ற ஒரே எண் வழியாக நிறுத்த வசதி வேண்டும். ஒவ்வொரு விதியும், அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கான சாட்சியம். விளம்பர வரலாற்றை எழுதுபவர்கள் விருது பெற்ற படங்களைத் தேடுவதற்கு முன் இந்த உத்தரவுகளைப் படிப்பது நல்லது.

வணிக அழைப்புகளின் கதையும் இப்படியே. 2007 இல் ‘தொந்தரவு செய்யாதீர்’ பதிவேடு வந்தது. 1909 என்ற எண்ணில் பதிய வேண்டும். அதாவது மறுப்பவர்தான் மெனக்கெட வேண்டும். பேசாமல் இருப்பவர் சம்மதித்தவர். வாசலில் ‘விற்பனையாளர் வர வேண்டாம்’ என்று எழுதி வைக்காதவர் வீட்டுக்குள் யாரும் நுழையலாம் என்பது போன்ற நியாயம் இது. பதிவேட்டால் தொல்லை குறையாததால் 2010 டிசம்பரில் கடுமையான புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2011 செப்டம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தன. காலை 9 முதல் இரவு 9 வரை மட்டும் வணிக அழைப்பு, விற்பனையாளருக்கு 140 என்று தொடங்கும் எண் ஆகியவை நல்ல ஏற்பாடுகள். கூடவே சாதாரண மக்களுக்கும் ஒரு சிம்மில் நாளைக்கு 100 குறுஞ்செய்தி என்ற வரம்பு விழுந்தது. பிறகு 200 ஆக்கினார்கள். தொந்தரவு செய்தவர் ஒருவர், அளந்து கொடுக்கப்பட்டவர் இன்னொருவர். தனிநபர் செய்திகளுக்கு அந்த வரம்பு கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012 இல் சொல்ல வேண்டியிருந்தது.

ஆயுள்

2005 இறுதியில் ‘லைஃப்டைம்’ திட்டங்கள் வந்தன. ஏறத்தாழ 1,000 ரூபாய் ஒரு முறை கட்டினால் ஆயுள் முழுவதும் இன்கமிங் உண்டு, இணைப்பு அறுபடாது. ஓய்வூதியக்காரர்களும் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெற்றோரும் இதை நம்பி வாங்கினார்கள். வெளிநாட்டில் இருந்து மகன் கூப்பிடுவதை எடுத்துப் பேச மட்டும் போன் தேவைப்பட்ட வீடுகள் அவை.

யாருடைய ஆயுள்? வாங்கியவரின் ஆயுள் என்றுதான் அவர் நினைத்தார். விதிமுறைப்படி அது நிறுவனத்தின் உரிமம் உயிரோடு இருக்கும் காலம். உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்று டிராய் வலியுறுத்த நேர்ந்தது. இடையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறிப்பிட்ட தொகைக்கு ரீசார்ஜ் செய்தால்தான் ஆயுள் தொடரும் என்ற நிபந்தனையும் இருந்தது. பின்னர் சில நிறுவனங்கள் சந்தையை விட்டே போயின. தமிழ்நாட்டில் வேர்விட்டு வளர்ந்த ஏர்செல் 2018 இல் நின்றபோது, அதன் வாடிக்கையாளர்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வெயிலில் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜ் 35 ரூபாய், செல்லுபடி 28 நாள் என்று கொண்டுவந்தன. கட்டாவிட்டால் முதலில் வெளிச்செல்லும் அழைப்பு நிற்கும், பிறகு இன்கமிங்கும் நிற்கும். ஆயுள் 28 நாளாகச் சுருங்கியது.

28 நாள் என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். அதை மாதத் திட்டம் என்றே கடையில் சொல்வார்கள். 365 ஐ 28 ஆல் வகுத்தால் 13. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வாங்குபவர் பதின்மூன்று மாதத்துக்கு ரீசார்ஜ் செய்கிறார். குறைந்தது ஒரு திட்டமாவது 30 நாள் செல்லுபடியுடன் இருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. மாதம் என்றால் மாதம் என்பதற்கு ஓர் அரசு உத்தரவு.

2024 இறுதி வரை பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருந்தவர்களும் டேட்டா சேர்ந்த திட்டங்களையே வாங்க வேண்டியிருந்தது. பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டினார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பழைய பொத்தான் போன் வைத்திருப்பவர்கள். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் ஒன்றாவது எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று 2024 டிசம்பர் இறுதியில் டிராய் விதி திருத்தியது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அத்தகைய திட்டங்களை வெளியிட்டன. அவற்றுக்கு இதுவரை நான் ஒரு சுவரொட்டியும் பார்க்கவில்லை. நம் வீட்டில் யாருக்காவது அது தேவைப்பட்டால் கடைக்காரரிடம் நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.